ஜெர்மனியில் முதல் வாடகை வீடு, முதல் குளிர்காலம்: காசு எங்கெல்லாம் ஒழுகும்?

புதுக்குடித்தனம்:

எல்லாருக்கும் வணக்கம். இதுவரைக்கும் கம்பெனி ஏற்பாடு பண்ணின ஃபர்னிஷ்டு அறையில் இருந்தோம், எல்லாமே வாடகைக்குள் அடக்கம். நவம்பர் 1 முதல் முனிச்சில் 58 சதுர மீட்டர் வீடு, எங்க பெயரிலேயே ஒப்பந்தம். நானும் மனைவியும் மட்டும்தான். கால்ட்மீட்டே (வெறும் வீட்டு வாடகை) 1,150 யூரோ, நெபன்கோஸ்டன் (கட்டடத்தின் இதரச் செலவுக்கு மாசாமாசம் கட்டுறது) 210. ஹீட்டிங் அந்த 210-க்குள் வரும், கரன்ட் நீங்களே பார்த்துக்கணும்னு வீட்டுக்காரர் சொல்லிட்டார். குளியலறைச் சுவரில் 21 கிலோவாட்னு எழுதின ஒரு வெள்ளைப் பெட்டி இருக்கு, வெந்நீர் அதிலிருந்துதான்.

கரன்ட்டுக்கு யாரிடம், எப்போ பதியணும்? ஹீட்டரை வேலைக்குப் போகும்போது மூடிட்டுப் போகலாமா, இல்ல பூஞ்சை பிடிச்சிடுமா? நெபன்கோஸ்டன் வருஷ முடிவில் கூடுதலா கேட்பாங்கன்னு பயமுறுத்துறாங்க, அது நிஜமா? அப்பா அம்மாவுக்கு மாசாமாசம் ஊருக்கு அனுப்புற பணத்தை இங்கே வரியில் காட்ட முடியுமா? கடைசியா ஒண்ணு, மனைவி கேட்கச் சொன்னது: இட்லி மாவு ரெண்டு நாள் ஆனாலும் பொங்கவே மாட்டேங்குது. தெரிஞ்சவங்க விவரமா சொல்லுங்க.

---

மீட்டர்பெட்டி:

கரன்ட்டை மட்டும் நான் சொல்றேன்.

வீட்டுக்குள்ள போய் முதல் லைட்டைப் போட்ட நிமிஷமே அந்த ஊரின் அடிப்படை வழங்குநரோட உங்களுக்கு ஒப்பந்தம் ஆயிடுச்சுன்னு சட்டம் எடுத்துக்கும். இருட்டில் உட்கார வேண்டியதில்லை. ஆனா பெரும்பாலும் அதுதான் ஊரிலேயே விலை கூடின கட்டணம். அதிலிருந்து எப்போ வேணும்னாலும் 2 வார நோட்டீஸில் வெளியே வரலாம். புது கம்பெனியில் பதிஞ்சா அவங்களே பழையதை ரத்து பண்ணிடுவாங்க.

முன்னாடியெல்லாம் வீடு மாறி ஆறு வாரம் வரைக்கும் பின் தேதியிட்டுப் பதியலாம். 2025 ஜூன் 6-லிருந்து அது கிடையாது. பதிவு தேதி முன்னோக்கித்தான். அதனால நவம்பர் 1-க்கு வேணும்னா அக்டோபர் நடுவிலேயே பதிஞ்சிடுங்க. அவங்க கேட்கிறது ரெண்டு எண்: ஒண்ணு மீட்டர் மேலேயே இருக்கும். இன்னொண்ணு மல்லோ-ஐடி, அதாவது அந்த வீட்டுக் கரன்ட் இணைப்போட அடையாள எண், 11 இலக்கம், பழைய குடியிருப்பாளரோட கரன்ட் பில்லில் இருக்கும். அதை வீட்டுக்காரரிடம் இப்பவே கேட்டு வாங்குங்க. அது கையில் இருந்தா பதிவு இழுக்காது.

சாவி வாங்குற அன்னைக்கு மீட்டர் எண்ணும் ரீடிங்கும் ஒரே படத்தில் தெரியுற மாதிரி போட்டோ எடுங்க. அடித்தளத்தில் வரிசையா பத்து மீட்டர் இருக்கும், எது உங்களுடையதுன்னு ஃப்யூஸை இறக்கிப் பாருங்க. பக்கத்து வீட்டு ரீடிங்கை எழுதிக் கொடுத்துட்டு வருஷம் முழுக்கக் கடிதம் போட்டுக்கிட்டு இருக்கிறவங்க உண்டு.

இப்போ அந்த வெள்ளைப் பெட்டி. உங்க கரன்ட் பில்லைத் தீர்மானிக்கப் போறது ஃபிரிட்ஜும் டிவியும் இல்ல, அதுதான். 21 கிலோவாட் முழு வேகத்தில் 10 நிமிஷம் ஓடினா 3.5 யூனிட். யூனிட்டுக்கு 33 சென்ட்னு வச்சா ஒரு குளியலுக்கு சுமார் 1 யூரோ 15 சென்ட். ரெண்டு பேர், தினமும்னா கணக்குப் போட்டுக்கோங்க. டிஜிட்டல் டிஸ்ப்ளே இருக்கிற பெட்டின்னா 38 அல்லது 39 டிகிரியில் வச்சிட்டு வெந்நீர்ப் பக்கம் மட்டும் திறந்து குளிங்க. 55-ல் வச்சு பச்சைத் தண்ணி கலக்குறது வீண். வெறும் ஒன்று, ரெண்டுன்னு திருகுற பழைய வகைன்னா தண்ணி சிக்கன ஷவர் தலை வாங்கும் முன்னாடி யோசிங்க. தண்ணி ஓட்டம் ஒரு அளவுக்குக் கீழே போனா அந்தப் பெட்டி ஆன் ஆகாது, நடுவில் விட்டுவிட்டு ஐஸ் தண்ணி வரும். பெட்டியோட தகட்டில் குறைந்தபட்ச ஓட்டம் லிட்டர் கணக்கில் போட்டிருக்கும், அதைப் பார்த்து வாங்குங்க.

விலை ஒப்பிடும்போது உங்க வீட்டுக்கு 3,000 யூனிட்னு போடுங்க. ரெண்டு பேர்தானேன்னு 1,500 போட்டா மாதத் தவணை அழகா கம்மியா வரும், வருஷக் கடைசியில் மொத்தமா வந்து நிக்கும்.

போனஸ் கவர்ச்சியில் விழாதீங்க. உதாரணத்துக்கு: ஒருத்தன் யூனிட் 34 சென்ட், மாதம் 12 யூரோ நிலைக் கட்டணம், 150 யூரோ போனஸ். 3,000 யூனிட்டுக்கு 1,020 + 144 − 150, ஆக 1,014. இன்னொருத்தன் 31 சென்ட், மாதம் 11, போனஸ் இல்ல: 930 + 132, ஆக 1,062. முதல் வருஷம் முதல் ஆள் 48 யூரோ மலிவு. ரெண்டாம் வருஷம் அவனே 102 யூரோ கூட. வருஷா வருஷம் தவறாம மாத்துற ஆளுன்னா போனஸ், மறக்கிற ஆளுன்னா ரெண்டாவது. விலையை ஏத்துறதா கடிதம் வந்தா, ஏற்றம் அமலுக்கு வரும் நாள் வரைக்கும் உடனடியா விலக உரிமை இருக்கு. அந்தக் கடிதம் விளம்பரம் மாதிரியே இருக்கும், மின்னஞ்சலில் வந்தாலும் கடைசி வரி வரை படிங்க. மொத்த வருஷத்துக்கும் முன்பணம் கட்டுற பேக்கேஜ் வேண்டவே வேண்டாம். கம்பெனி திவாலானா பணம் போச்சு.

---

குளிர்காலத்தான்:

ஹீட்டிங் பத்தி.

ரேடியேட்டர் குமிழில் இருக்கிற எண் வேகம் இல்ல, வெப்பநிலை. 2-ன்னா சுமார் 16 டிகிரி, 3-ன்னா 20, 4-ன்னா 24, 5-ன்னா 28. வீடு சில்லுன்னு இருக்கேன்னு 5-ல் வச்சா சீக்கிரம் சூடாகாது. 3-ல் வச்சா எவ்வளவு நேரமாகுமோ அதே நேரம்தான் ஆகும், 20-ல் நிக்காம மேலே போயிக்கிட்டே இருக்கும். ஒரு டிகிரி குறைச்சா சுமார் 6 சதவீதம் மிச்சம். ஹாலில் 3, படுக்கையறையில் 2-க்கும் 3-க்கும் நடுவில், போதும்.

வேலைக்குப் போகும்போது முழுசா மூடாதீங்க. 2-ல் வச்சிட்டுப் போங்க. முழுசா மூடினா சுவர் குளிர்ந்துடும், சாயந்தரம் நீங்க வந்து சமைச்சு, குளிச்சு விடுற ஈரமெல்லாம் அந்தச் சுவரில்தான் போய் உட்காரும். 20 டிகிரி அறையில் ஈரப்பதம் 60 சதவீதம் இருந்தா, 12 டிகிரியில் இருக்கிற எந்தப் பரப்பிலும் தண்ணி கோக்கும். வெளிச்சுவர் மூலை, அலமாரிக்குப் பின்பக்கம் இதெல்லாம் ஜனவரியில் அந்த 12-ஐ சுலபமா தொட்டுடும். பூஞ்சை வர அந்த அளவுக்கு நனையக்கூட வேண்டாம்.

அதனால முதல் செலவு ஒரு ஈரப்பதமானி, 10 யூரோவுக்குள்ள கிடைக்கும். 40-லிருந்து 60-க்குள்ள இருக்கணும். 60-ஐத் தாண்டினா ஜன்னலை முழுசா, முடிஞ்சா எதிரெதிர் ரெண்டு ஜன்னலைத் திறந்து 5 நிமிஷம். குளிர் அதிகமா இருக்கிற நாளில் அதுக்கு மேல வேண்டாம். ஒரு நாளைக்கு மூணு, நாலு தடவை. திறக்கும் முன்னாடி குமிழை இறக்கிடுங்க, இல்லேன்னா குளிர் காத்து பட்டதும் வால்வு முழுசா திறந்து தெருவைச் சூடாக்கும்.

நம்ம ஆட்கள் அதிகமா பண்றது ஜன்னலை மேல் பக்கம் லேசா சாய்ச்சு நாள் முழுக்க விடறது. காத்து மாறவே மாறாது, ஜன்னலைச் சுத்தி இருக்கிற சுவர் மட்டும் குளிர்ந்துடும். பூஞ்சை முதல்ல அங்கேதான் வரும்.

நம்ம சமையல் ஆவி இங்கத்தவங்க சமையலை விட ரொம்ப அதிகம். இட்லிப் பானை, குக்கர், ரசம். சமைக்கும்போது சமையலறைக் கதவைச் சாத்துங்க, ஜன்னலைத் திறங்க. அடுப்பு மேல இருக்கிற ஹூட் வெளியே காத்து தள்ளுதா, இல்ல கரி ஃபில்டர் வழியா உள்ளேயே திருப்பி விடுதான்னு பாருங்க. ரெண்டாவது வகைன்னா வாசனையைத்தான் எடுக்கும், ஈரத்தை எடுக்காது. துணியைப் படுக்கையறையில் காயப் போடாதீங்க. அப்புறம் ஒண்ணு, குளிர்ந்த படுக்கையறையைச் சூடாக்க ஹால் கதவைத் திறந்து வைக்கிறது. ஹாலின் சூடோட ஈரமும் சேர்ந்து போய் அங்கே குளிர்ந்த சுவரில் படியும். அந்த அறைக்கு அதோட ரேடியேட்டரையே போடுங்க.

சோபாவை ரேடியேட்டரோட ஒட்டிப் போடாதீங்க. நீளத் திரையும் வேண்டாம். தெர்மோஸ்டாட் தலை திரைக்குள்ள மாட்டிக்கிட்டா, அறை சூடாயிடுச்சுன்னு நினைச்சு வால்வு மூடிக்கும். நீங்க 5-க்குத் திருப்புவீங்க, அப்பவும் சூடு வராது. ரேடியேட்டர் மேல் பாதி குளிர்ந்தும் கீழ் பாதி சூடாவும், உள்ளே கொடகொடன்னு சத்தமும் வந்தா காத்து மாட்டியிருக்கு. பக்கவாட்டில் இருக்கிற சின்ன திருகை நாலுமுனைச் சாவியால் கால் சுத்து திருகினா உஸ்ஸுன்னு காத்து போகும், தண்ணி வந்ததும் மூடணும். அபார்ட்மென்ட்டில் நீங்களா பண்ணாம ஹவுஸ்மைஸ்டரிடம் (கட்டடத்தைப் பார்த்துக்கிறவர்) சொல்லுங்க, பல வீட்டில் காத்து எடுத்தா மொத்தக் கட்டடத்தின் பிரஷரும் இறங்கும்.

கரன்ட் ஃபேன் ஹீட்டர் வாங்கிடாதீங்க. 2 கிலோவாட், ஒரு மணி நேரத்துக்கு 66 சென்ட்.

---

ரூர்க்காரன்:

மேலே சொன்னதில் ஒரு சின்ன மாற்றுக் கருத்து. ரெண்டு வாரம் ஊருக்குப் போறீங்கன்னா 2 தேவையில்லை, ஒன்றரை போதும். ஆள் இல்லாத வீட்டில் ஈரம் உண்டாகாது. ஆனா நட்சத்திரக் குறியில் விட்டுட்டுப் போறது குழாய் உறையாம காக்கிறதுக்குத்தான், சுமார் 6 டிகிரி. குடியிருக்கிற வீட்டுக்கு அது இல்ல.

இன்னொண்ணு. ஹீட்டிங்கை அறவே போடாம கம்பளிக்குள்ள உட்கார்ந்தா பில் பூஜ்யம் ஆகும்னு நினைக்கிறவங்களுக்கு: ஹீட்டிங் செலவில் 50 முதல் 70 சதவீதம்தான் ரேடியேட்டரில் ஒட்டியிருக்கிற அளவுமானிப்படி. மீதி வீட்டுப் பரப்பளவுப்படி. நீங்க குளிரில் நடுங்கினாலும் அந்த மீதி வரும், பூஞ்சையும் வரும்.

---

தாள்கோப்பு:

நெபன்கோஸ்டன் பற்றி. நீங்கள் மாதம் கட்டும் 210 யூரோ முன்பணம் மட்டுமே. ஆண்டுக்கு ஒருமுறை உண்மைச் செலவோடு ஒப்பிட்டுக் கணக்கு வரும். மிச்சம் இருந்தால் திரும்பக் கிடைக்கும், பற்றாக்குறை என்றால் கட்ட வேண்டும். 210 சரியான தொகையா என்று அறிய ஒரே வழி, அதே வீட்டின் போன ஆண்டுக் கணக்கை வீட்டுக்காரரிடம் கேட்பது. புது ஆளைப் பிடிப்பதற்காக முன்பணத்தைக் குறைத்துக் காட்டுவது நடப்பதுதான். காட்ட மறுத்தால் மாதம் 40 யூரோ தனியாக எடுத்து வையுங்கள்.

கணக்கு வந்ததும் பார்க்க வேண்டியவை. கணக்கீட்டுக் காலம் முடிந்து 12 மாதத்துக்குள் அது உங்கள் கைக்கு வந்திருக்க வேண்டும். தாமதத்துக்கு வீட்டுக்காரர் பொறுப்பு என்றால் அதன் பிறகு அவர் கூடுதல் கேட்க முடியாது. ஆனால் உங்களுக்குத் திரும்ப வரவேண்டியது இருந்தால் அது அப்போதும் வரும். ஆட்சேபம் தெரிவிக்க உங்களுக்கும் 12 மாதம் உண்டு. நிர்வாகச் செலவு, பழுதுபார்ப்பு, வங்கிக் கட்டணம் ஆகியவற்றை அதில் சேர்க்கக் கூடாது. லிஃப்ட் பராமரிப்பு என்ற ஒரே வரிக்குள் பழுதுபார்ப்பையும் சேர்த்திருப்பார்கள்; அசல் ரசீதுகளைப் பார்க்கும் உரிமை உங்களுக்கு உண்டு, கேளுங்கள். கேபிள் டிவி கட்டணத்தை 2024 ஜூலை 1 முதல் நெபன்கோஸ்டனில் வசூலிக்க முடியாது. பழைய ஒப்பந்த மாதிரிகளில் அந்த வரி இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இதே கணக்கில் பலரும் கவனிக்காத ஒன்று: படிக்கட்டுச் சுத்தம், தோட்ட வேலை, பனி அள்ளுதல், புகைபோக்கிச் சோதனை போன்றவற்றில் உங்கள் பங்கின் கூலிப் பகுதியில் 20 சதவீதத்தை வருமான வரியிலிருந்து நேரடியாகக் கழித்துக்கொள்ளலாம். வருமானத்திலிருந்து அல்ல, வரியிலிருந்தே. அதற்கான சான்றைக் கணக்கோடு சேர்த்துத் தரும்படி கேளுங்கள்.

டெபாசிட்: அதிகபட்சம் மூன்று மாத கால்ட்மீட்டே, உங்களுக்கு 3,450 யூரோ. அதையும் மூன்று சம மாதத் தவணையாகக் கட்ட உங்களுக்குச் சட்ட உரிமை இருக்கிறது, முதல் தவணை குடிபுகும்போது. சாவி வாங்கும் நாளில் ஒப்படைப்புப் பத்திரம் கட்டாயம். தரையின் கீறல், டைல்ஸ் விரிசல், சமையல் மேடையின் கறை, ஜன்னல் ரப்பர், சாவி எண்ணிக்கை எல்லாவற்றையும் எழுதி, இருவரும் கையெழுத்திட்டு, படமும் எடுத்து வையுங்கள். மூலைகளில் புதிதாக வெள்ளை அடித்திருந்தால் டார்ச் அடித்துப் பாருங்கள், பழைய பூஞ்சையை மறைத்திருக்கலாம்.

குடிபுகுந்த 2 வாரத்துக்குள் முகவரிப் பதிவு. அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட குடியிருப்பு உறுதிப் பத்திரம் வேண்டும்; வாடகை ஒப்பந்தம் மட்டும் போதாது. பதிந்த சில வாரங்களில் ஒலிபரப்புக் கட்டணக் கடிதம் வரும். மாதம் 18.36 யூரோ, மூன்று மாதத்துக்கு 55.08. டிவி இல்லை, ஜெர்மன் தெரியாது என்பதெல்லாம் செல்லாது. ஆனால் அது ஆளுக்கு அல்ல, வீட்டுக்கு. கணவன் மனைவி இருவருக்கும் தனித்தனியாகக் கடிதம் வரும். ஒருவர் கட்டினால் போதும். மற்றவர் அந்தக் கட்டண எண்ணைக் குறிப்பிட்டுப் பதில் போட வேண்டும். பதில் போடாமல் குப்பையில் எறிந்தால் அவர் பெயரிலும் தானாகக் கணக்குத் தொடங்கி, பாக்கி ஏறும். நாட்டை விட்டுப் போகும்போது நகராட்சியில் பெயரை நீக்கினால் மட்டும் இது நிற்காது, தனியாக ரத்து செய்ய வேண்டும்.

இணையம்: முதல் ஒப்பந்தம் 24 மாதம் வரை போகலாம். அது முடிந்தபின் எந்த மாதமும் ஒரு மாத நோட்டீஸில் விலகலாம். மாதம் 5, 6 யூரோ வாடகைக்கு ரவுட்டர் வாங்காதீர்கள். சொந்த ரவுட்டர் பயன்படுத்தும் உரிமை 2016 முதலே இருக்கிறது, பழைய ரவுட்டர் 40 யூரோவுக்கே கிடைக்கும். வாங்கும்போது உங்கள் இணைப்பு டிஎஸ்எல்லா, கேபிளா, ஃபைபரா என்று பார்த்து அந்த வகையே வாங்குங்கள். ஒன்றுக்கானது மற்றொன்றில் வேலை செய்யாது.

காப்பீட்டில் மற்றதெல்லாம் பிறகு, தனிநபர் பொறுப்புக் காப்பீடு முதலில். ஹாஃப்ட்ஃப்ளிஷ்ட் என்பார்கள். குடும்பத்துக்கே ஆண்டுக்கு நூறு யூரோவுக்குள் கிடைக்கும். வாடகை வீட்டுச் சேதமும் சாவி தொலைவதும் அதில் சேர்ந்திருக்க வேண்டும். கட்டடம் முழுக்க ஒரே பூட்டுத் தொகுதி என்றால், ஒரு சாவி தொலைந்ததற்கு எல்லாப் பூட்டும் மாற்றிய பில் உங்கள் தலையில் வரும்.

---

புதுக்குடித்தனம்:

ரொம்ப நன்றி அண்ணா எல்லாருக்கும். போன வருஷக் கணக்கையும் மல்லோ-ஐடியையும் சேர்த்தே கேட்டு மெயில் போட்டுட்டேன். பெட்டியில் டிஸ்ப்ளே இருக்கு. வரி விஷயம் யாராவது சொல்லுங்களேன். அப்பா ரிட்டயர் ஆனவர், சின்னதா பென்ஷன். அம்மாவுக்கு வருமானம் இல்ல. தங்கச்சி காலேஜ் ஃபீஸும் நான்தான் கட்டுறேன்.

---

வரிக்கணக்கு:

தங்கைக்குக் கட்டுவது வராது. சட்டப்படி ஒருவரைப் பராமரிக்கும் கடமை இருப்பவர்களுக்கு மட்டுமே: பெற்றோர், தாத்தா பாட்டி, மனைவி, பிள்ளைகள். உடன்பிறந்தவர்கள் அந்தப் பட்டியலில் இல்லை. கூட்டாக வரிக்கணக்குத் தாக்கல் செய்தால் உங்கள் மனைவியின் பெற்றோருக்கு அனுப்புவதையும் காட்டலாம்.

அளவு: 2025-க்கு ஒருவருக்கு உச்சவரம்பு 12,096 யூரோ. பெறுபவர் வாழும் நாட்டைப் பொறுத்து இந்த வரம்பு குறையும்; இந்தியா நான்கில் ஒரு பங்கு பிரிவில் வருவதால் ஆளுக்கு 3,024. அவர்களுக்கென்று இருக்கும் வருமானம், இந்தியாவுக்கான கணக்கில் ஆண்டுக்கு 156 யூரோவைத் தாண்டினால், தாண்டிய தொகை இதிலிருந்து கழியும். அப்பாவின் பென்ஷனை மறைக்க வேண்டாம், படிவத்திலேயே கேட்பார்கள். பெரிய வைப்புத்தொகை இருந்தால் மறுத்துவிடுவார்கள். வேலை செய்யும் வயதில் இருக்கும் ஒருவரைக் காட்டினால் ஏன் வேலைக்குப் போகவில்லை என்ற காரணமும் கேட்பார்கள்.

2025 முதல் வங்கிப் பரிமாற்றம் மட்டுமே செல்லும். ஊருக்குப் போகும்போது கையில் கொடுத்தேன், நண்பர் மூலம் கொடுத்தனுப்பினேன் என்பதெல்லாம் எடுபடாது. பணம் பெறுபவரின் கணக்குக்கே போக வேண்டும். இந்தியாவில் உள்ள உங்கள் சொந்த என்ஆர்ஓ (வெளிநாடு வாழ் இந்தியர்) கணக்குக்கு அனுப்பிவிட்டு அங்கிருந்து அப்பாவின் கணக்குக்கு மாற்றுவது வேண்டாத தலைவலி. நேராகப் பெற்றோர் கணக்குக்கே அனுப்புங்கள், குறிப்பில் பராமரிப்பு என்று ஜெர்மனில் ஒரு சொல் போடுங்கள்.

பலருக்குத் தெரியாத இடம் காலக்கணக்கு. அனுப்பிய மாதத்துக்கு முந்தைய மாதங்களுக்கு அந்தப் பணம் பொருந்தாது. ஆண்டின் முதல் தொகையை ஏப்ரலில் அனுப்பினால் ஜனவரி முதல் மார்ச் வரை விட்டுப்போய், 3,024-க்குப் பதில் 2,268 தான் உச்சவரம்பு. டிசம்பரில் மொத்தமாக அனுப்பினால் அந்த ஒரு மாதப் பங்குதான் தேறும். ஆகவே ஜனவரியிலேயே தொடங்குங்கள்.

பராமரிப்பு அறிக்கைப் படிவம் ஜெர்மனும் ஆங்கிலமும் சேர்ந்து நிதி அமைச்சகத் தளத்தில் இருக்கிறது. ஒவ்வொருவருக்கும் ஒரு படிவம், அவர்கள் கையெழுத்தோடு ஊரில் உள்ள அதிகாரி சான்றளிக்க வேண்டும். தாசில்தார் அலுவலகத்துக்கு ஆண்டு முடிவில் அலைவதைவிட, ஊருக்குப் போகும்போது அச்சிட்டு எடுத்துச் சென்று முடித்துவிடுவது நல்லது. ஊரில் யாருக்கும் அந்தப் படிவம் என்னவென்று தெரியாது. எங்கே முத்திரை விழ வேண்டும் என்று பென்சிலில் குறித்துக் கொடுங்கள்.

தாக்கல்: கட்டாயமில்லாதவர்களுக்கு நான்கு ஆண்டு அவகாசம். 2022-க்கு 2026 டிசம்பர் 31 வரை. நீங்களும் மனைவியும் 3, 5 என்ற வரி வகுப்புச் சேர்க்கையில் இருந்தால் தாக்கல் கட்டாயம், அடுத்த ஆண்டு ஜூலை 31-க்குள். அந்தச் சேர்க்கையில் மாதச் சம்பளம் கூடத் தெரியும், ஆண்டு முடிவில் பாக்கி வரவும் செய்யலாம். எல்ஸ்டர் என்ற அரசின் வரித் தாக்கல் தளம் இலவசம்தான், ஆனால் கணக்கைத் திறக்கத் தேவையான எண் தபாலில் வரும், இரண்டு வாரம் வரை ஆகலாம். ஜூலை 25-ல் போய் உட்காராதீர்கள்.

அனுப்பும் செலவு: கட்டணம் இல்லை என்ற விளம்பரத்தைப் பார்க்காதீர்கள். 500 யூரோ கொடுத்தால் ஊர்க் கணக்கில் எத்தனை ரூபாய் விழும் என்ற ஒரே எண்ணை, ஒரே நிமிடத்தில், இரண்டு மூன்று இடத்தில் பாருங்கள். கட்டணத்தை மாற்று விகிதத்துக்குள் ஒளித்திருப்பார்கள். முதல் பரிமாற்றத்துக்கு மட்டும் நல்ல விகிதம் கொடுப்பவர்களும் உண்டு. இரண்டாம் மாதமும் ஒப்பிடுங்கள். சாதாரண வங்கி வழியாக அனுப்பினால் இடையில் இருக்கும் வங்கியும் கொஞ்சம் பிடித்துக்கொள்ளும்.

---

மதுரைமல்லி:

மாவு விஷயத்துக்கு வரேன் தம்பி. மாவில் குறை இல்ல, குளிர்தான். பொங்குறதுக்கு 28-லிருந்து 32 டிகிரி வேணும். உங்க வீடு 20. சமையலறை ராத்திரி 17.

பேக்கிங் அவன் (oven) இருக்குல்ல, அதில் லைட் மட்டும் எரியுற குறிக்குத் திருப்புங்க. சூடு போட வேண்டாம். பழைய மாதிரி பல்புன்னா மூடின அவனுக்குள்ள அதோட சூடே போதும். 25 வாட் பல்பு 10 மணி நேரம் எரிஞ்சா கால் யூனிட், 8 சென்ட். எல்இடின்னா சூடே வராது, அப்போ கொதிநீர் ஊத்தின பாத்திரம் ஒண்ணு கீழ்த் தட்டில் வச்சு நாலு மணிக்கொரு தரம் மாத்தணும். முதல் தடவை ஒரு தெர்மாமீட்டரை உள்ளே வச்சுப் பாருங்க. 40-ஐத் தாண்டினா மாவு பொங்காது, புளிச்சு வாடை வரும். அப்போ கதவு இடுக்கில் ஒரு மரக்கரண்டி செருகிடுங்க.

இட்லி அரிசி 4, முழு உளுந்து 1, வெந்தயம் அரை ஸ்பூன். மிக்ஸியில் அரைக்கிறதா இருந்தா உளுந்துக்கு ஐஸ் தண்ணி ஊத்துங்க, சூடேறினா உப்பாது. அரிசி அரைக்கும்போது குளிர்காலத்தில் வெதுவெதுப்பான தண்ணி. ஃபிரிட்ஜ் தண்ணியிலேயே ரெண்டையும் அரைச்சா மாவு 12 டிகிரியில் ஆரம்பிக்கும், அது சூடேறவே பாதி ராத்திரி போயிடும். கையால கலக்குங்க. பாத்திரத்தில் பாதி மட்டும் ஊத்தி, அடியில் பேக்கிங் ட்ரே வையுங்க, வழிஞ்சா அவனைக் கழுவுறது பெரும்பாடு. அவன் மேல ஒரு சீட்டு ஒட்டி வையுங்க, காலையில் யாராவது அரைத்தூக்கத்தில் 200-க்குத் திருப்பிடப் போறாங்க.

ஊரிலிருந்து மிக்ஸியும் கிரைண்டரும் தாராளமா கொண்டு வரலாம். அங்கேயும் இங்கேயும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான், டிரான்ஸ்ஃபார்மர் வேண்டாம். பிளக் மட்டும் சேராது. ரெண்டு யூரோ டிராவல் அடாப்டர் பெரும்பாலும் எர்த் இல்லாதது, மிக்ஸிக்கு அது ஆகாது. எர்த் உள்ள அடாப்டரா பார்த்து வாங்குங்க, இல்ல எலக்ட்ரீஷியனிடம் இந்த ஊர் பிளக்கே மாத்திக்கோங்க. குக்கர் வாங்கும் முன்னாடி அடுப்பைப் பாருங்க: இண்டக்‌ஷன்னா அலுமினியக் குக்கர் சூடே ஆகாது. அடியில் காந்தம் ஒட்டணும்.

ராத்திரி 10-லிருந்து காலை 6 வரைக்கும், ஞாயித்துக்கிழமை நாள் முழுக்கவும் மாவு அரைக்காதீங்க. கீழ் வீட்டுக்காரர் ஒரு தடவை சிரிப்பார், ரெண்டாம் தடவை கடிதம் வரும். சனிக்கிழமை சாயந்தரமே அரைச்சு வச்சா ஞாயித்துக்கிழமை காலை இட்லி.

ஊரிலிருந்து வரும்போது நெய், பால்கோவா, பால் பொருள் எதையும் பெட்டியில் வைக்காதீங்க, எடுத்துடுவாங்க. பச்சைக் கறிவேப்பிலையும் அப்படித்தான், தாவர நலச் சான்றிதழ் இல்லாம வராது. பொடி, அப்பளம், வடகம், காய்ஞ்ச மசாலா பிரச்சினை இல்ல.

---

ரூர்க்காரன்:

முனிச் தண்ணி கடினத் தண்ணி. கெட்டில், ஷவர் தலை எல்லாத்திலும் வெள்ளையா சுண்ணாம்பு படியும். கடையில் விக்கிற பிராண்ட் திரவத்துக்கு 5 யூரோ கொடுக்காதீங்க, சிட்ரிக் ஆசிட் தூள் வாங்குங்க. ஒரு லிட்டர் பச்சைத் தண்ணிக்கு ரெண்டு மேஜைக்கரண்டி, அரை மணி நேரம் ஊற வச்சா போதும். கொதிக்க வைக்காதீங்க. சூட்டில் அது வேற ஒரு கரையாத படிவமா மாறி ஒட்டிக்கும், அப்புறம் சுரண்டினாலும் போகாது. வாஷிங் மெஷின் பவுடர் பாக்கெட்டில் தண்ணிக் கடினத்துக்கு மூணு அளவு போட்டிருக்கும், உங்களுக்குக் கடைசி அளவு.

---

புதுக்குடித்தனம்:

அக்கா, அவன் பல்பு மஞ்சள் வெளிச்சம்தான். அரை மணி நேரம் போட்டு வச்சுப் பார்த்தோம், உள்ளே 29 காட்டுது.

---

மதுரைமல்லி:

அது போதும். பத்து மணி நேரம் விடுங்க, பொங்கினதும் உடனே ஃபிரிட்ஜில் வச்சிடுங்க.